கடைக்கு ஓடாமல் ஓர் அறிவியல் புராஜெக்ட்: கோடை விடுமுறைக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் பிள்ளையின் டைரியில் ஒரு வரி வரும்: அறிவியல் கண்காட்சி, அடுத்த வாரத்துக்குள் மாடல் கொண்டுவரவும். அந்த வாரம் ஊரில் உள்ள ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் தீர்ந்துபோகும். எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு வீடு எல்லாம் ரெடிமேடாக அட்டைப்பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். வாங்கி வைத்தால் மேசை அழகாகத்தான் இருக்கும். நடுவர் வந்து "இதில் நீ என்னம்மா கண்டுபிடித்தாய்?" என்று கேட்கும்போதுதான் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்.

இரண்டு பிள்ளைகளோடு இந்த வாரத்தைப் பல தடவை தாண்டி வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களிலேயே வேலையை முடித்துவிடுங்கள். மாடல் கட்டாதீர்கள், எதையாவது அளந்து பாருங்கள். கோடை வெயில், வீட்டுச் சமையலறை, மொட்டைமாடி, இவை மூன்றும் இருந்தால் போதும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் கேள்வி, அப்புறம்தான் பொருள்

"மண்பானை" என்பது வெறும் தலைப்பு. "மண்பானையைப் பாலித்தீன் பையால் சுற்றிவிட்டாலும் தண்ணீர் குளிருமா?" என்பது கேள்வி. தலைப்பை வைத்துக்கொண்டு சார்ட்டில் படம்தான் ஒட்ட முடியும். கேள்வி இருந்தால் பிள்ளைக்குச் செய்ய வேலை இருக்கும்.

நல்ல கேள்வியா என்று பார்க்க மூன்று விஷயம். பதில் ஓர் எண்ணாகவோ, ஆமாம்-இல்லை என்றோ வர வேண்டும். வீட்டில் உள்ள கருவியால் அளக்க முடிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். மூன்றாவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு செடியை வெயிலிலும் இன்னொன்றை நிழலிலும் வைத்து, முதல் செடிக்கு மட்டும் உரமும் போட்டால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்விக்கு எங்கே போவது? வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். "கையால் கலந்தால்தான் மாவு பொங்கும்", "வெந்தயம் போட்டால் இட்லி பஞ்சு போல வரும்", "பானைக்கு அடியில் மணல் பரப்பி நனைத்து வை, இன்னும் ஜில்லென்று இருக்கும்", "தேத்தாங்கொட்டை தேய்த்தால் கலங்கல் தெளியும்". ஒவ்வொன்றும் சோதிக்கக் காத்திருக்கும் புராஜெக்ட். இவற்றில் எது உண்மை, எது வெறும் நம்பிக்கை என்று பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆர்வம் தானாக வரும். பாட்டி சொன்னது தப்பு என்று நிரூபிக்கக் கிடைக்கும் வாய்ப்பை எந்தப் பேரப்பிள்ளையும் விடாது.

யூடியூபில் தேடித் தொடங்காதீர்கள். அங்கே முடிவு முன்னாலேயே தெரிந்துவிடும். பிறகு பிள்ளை அந்த முடிவு வரும்வரை எண்களை வளைக்கப் பார்க்கும்.

2. காலண்டரில் குறித்துவிடுங்கள்

விடுமுறை நீளமாகத் தெரியும். ஊருக்குப் போவது, கல்யாணம், கோயில் திருவிழா, நீச்சல் வகுப்பு எல்லாம் கழித்தால் கையில் மூன்று, நான்கு வாரம்தான் மிஞ்சும். நான் பிரிப்பது இப்படி:

முதல் வாரம் கேள்வியை முடிவு செய்ய. இரண்டாவது வாரம் ஒத்திகை. ஒத்திகையில் எதுவும் சரியாக வராது, வரவும் வேண்டாம். எந்தப் பாத்திரம் சின்னது, எந்த நேரத்தில் பிள்ளை தூங்கிவிடும், அளவுகோல் எங்கே எட்டவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் உண்மையான சோதனை. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை செய்ய வேண்டும். மே கடைசியில் எழுத்து வேலையும் சார்ட்டும். இதை ஜூனுக்குத் தள்ளினால் புது நோட்டுக்கு அட்டை போடும் வேலையோடு மோதும்.

சோதனையைப் பொறுத்து நாள்கணக்கு மாறும். விதை முளைப்பதைப் பார்க்க நான்கு நாள். மாவு என்றால் ஒரு முறைக்கு ஒரு பகல். பானைக்கு ஒரு வாரம். நிழல் அளப்பதை மட்டும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

3. வாங்க வேண்டியவை, செலவு

பெரும்பாலான சோதனைகளுக்கு இரண்டே கருவி போதும். ஒன்று, கிராம் அளவில் காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு. 300 முதல் 400 ரூபாய்க்குக் கிடைக்கும். 10 கிலோ வரை நிறுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 5 கிலோ தராசில் தண்ணீர் நிறைந்த பானையை வைத்தால் திரையில் பிழைதான் வரும். இரண்டு, வெப்பமானி. வீட்டில் இருக்கும் காய்ச்சல் வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் சூட்டை ஒட்டி ஏறக்குறைய 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். அறிவியல் உபகரணக் கடையில் ஆல்கஹால் நிரப்பிய ஆய்வக வெப்பமானியோ, கம்பி முனை கொண்ட டிஜிட்டல் சமையல் வெப்பமானியோ 150 முதல் 300 ரூபாய்க்குள் வாங்கலாம். பாதரச வெப்பமானி வேண்டவே வேண்டாம். பிள்ளை கையில் உடைந்தால் தலைவலி.

மற்றபடி ஒரு நீள நோட்டு, 30 சென்டிமீட்டர் ஸ்கேல், இரண்டு சார்ட், ஸ்கெட்ச் பேனா. இவை 150 ரூபாயைத் தாண்டாது. தராசை அக்கம்பக்கத்தில் இரவல் கேட்டுவிட்டால் மொத்தச் செலவு 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

4. யோசனைகள்

அ. இட்லி மாவு

என் பார்வையில் தமிழ் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான புராஜெக்ட் கிடையாது. பொருள் வீட்டில் இருக்கிறது, பலன் கண்ணுக்குத் தெரிகிறது, சோதனை முடிந்ததும் சுட்டுச் சாப்பிட்டுவிடலாம்.

நடப்பது என்ன? அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. இவற்றில் முக்கியமானதன் பெயர் லூக்கோனாஸ்டாக் மெசென்டெராய்டிஸ். பெயரைப் பிள்ளை ஒரு முறை சொல்லிப் பழகட்டும், நடுவர்கள் கேட்பார்கள். அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. உளுந்தின் வழுவழுப்பு அந்த வாயுக் குமிழ்களை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

மாற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது: உப்பு போட்டது, போடாதது. கையால் கலந்தது, கரண்டியால் கலந்தது. வெந்தயம் சேர்த்தது, சேர்க்காதது. வீட்டுக்குள் வைத்தது, மொட்டைமாடி நிழலில் வைத்தது, ஃபிரிட்ஜில் வைத்தது. ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு, கலக்கும் விதம், வைக்கும் இடம் ஆகியவற்றில் ஒன்று என்றால், ஒரே நாளில் ஒரே கிரைண்டரில் அரைத்த மாவைப் பிரித்துத்தான் செய்ய வேண்டும். உப்பில்லாத மாவைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் 100 மில்லி வீதம் ஊற்றுங்கள். வெந்தயம் மட்டும் விதிவிலக்கு. அது உளுந்தோடு சேர்த்து ஊறப்போட்டு அரைப்பது என்பதால் இரண்டு தனி அரைப்பு தேவைப்படும், சிறியவர்களுக்குச் சிரமம். ஒவ்வொரு வகைக்கும் மூன்று குவளை. வெளிப்பக்கம் ஸ்கேல் போலக் கோடு போட்ட காகிதப் பட்டை ஒட்டி, மணிக்கொரு தரம் உயரத்தைக் குறிக்க வேண்டியதுதான்.

இதில் உள்ள கண்ணிகள்:

குவளை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். நம் வீட்டு டம்ளர்கள் மேலே விரிந்திருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் ஏறியது கீழேயும் மேலேயும் ஒரே அளவு மாவு ஆகாது. நேரான ஜாம் பாட்டில் நல்லது.

பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மே மாதத்தில் மாவு இருமடங்காகும். வழிந்துவிட்டால் அந்த அளவு வீண்.

இரவில் வைக்காதீர்கள். வழக்கப்படி ராத்திரி அரைத்து வைத்தால் பொங்கும் நேரமெல்லாம் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், காலையில் ஒரே ஓர் அளவுதான் கிடைக்கும். முந்தின இரவு ஊறவைத்து, விடிகாலையில் அரைத்து, 6 மணிக்குத் தொடங்கினால் கோடைச் சூட்டில் மதியத்துக்குள் முடிந்துவிடும். மாவு உச்சிக்குப் போய் மறுபடி தளர்ந்து இறங்குவதையும் பதிவு செய்யுங்கள். வரைபடத்தில் அந்த இறக்கம்தான் நடுவரின் கண்ணைப் பிடிக்கும்.

கடையில் விற்கும் பாக்கெட் மாவு ஏற்கெனவே பாதி புளித்தது. உதவாது.

புளிப்பையும் காட்ட ஆசை இருந்தால் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலச் சாறு எடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஸ்பூன் மாவைத் தனியே எடுத்து அதில் சில சொட்டு விடுங்கள். மாவு புளிக்கப் புளிக்க நீலம் ஊதாவாக மாறும். மஞ்சளை வைத்து முயல வேண்டாம். மஞ்சள் சோப்புத் தண்ணீர், சுண்ணாம்பு போன்ற காரப் பொருளுக்குத்தான் சிவக்கும், அமிலத்துக்கு அசையாது.

ஆ. மண்பானை

எல்லோரும் செய்வது: பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று காட்டுவது. அது எல்லோருக்கும் தெரிந்ததே. நாம் காட்ட வேண்டியது, குளிர்வது மண்ணாலா, ஆவியாவதாலா என்பது.

நான்கு பாத்திரம் வையுங்கள்: சாதாரணச் சிறிய பானை, பாலித்தீன் பையை வெளிப்பக்கம் இறுக்கிச் சுற்றிய அதே மாதிரிப் பானை, எவர்சில்வர் சொம்பு, ஈரத்துணி சுற்றிய எவர்சில்வர் சொம்பு. எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர், இரண்டு லிட்டர் போதும். அவ்வளவு பெரிய சொம்பு இல்லையென்றால் தூக்குப் பாத்திரம். எல்லாவற்றையும் மூடி, ஒரே நிழலில், ஒரே காற்றில் வையுங்கள். மணிக்கொரு தரம் தண்ணீரின் வெப்பமும் காற்றின் வெப்பமும் குறிக்க வேண்டும். பை சுற்றிய பானை குளிராமல் நிற்பதையும், ஈரத்துணி சுற்றிய எவர்சில்வர் குளிர்வதையும் பார்க்கும்போது பிள்ளைக்கே விடை கிடைத்துவிடும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் இன்னொரு படி போகலாம். சாதாரணப் பானையைக் காலையிலும் மாலையிலும் தண்ணீரோடு நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடைதான் ஆவியான தண்ணீர். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைக்கச் சுமார் 4,200 ஜூலை வெளியேற்ற வேண்டும். உதாரணமாக 60 கிராம் குறைந்திருந்தால் 1,44,000 ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீர் 17 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும். வெப்பமானி அதில் பாதியைக்கூடக் காட்டாமல் போகலாம். மீதி எங்கே போனது? நாள் முழுக்க வெளிக்காற்றிலிருந்து பானைக்குள் வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது. வந்த அதை வெளியேற்றவே மீதி செலவானது. இந்த இடைவெளியைத் தானே கண்டுபிடித்து விளக்கும் பிள்ளையை எந்த நடுவரும் சுலபத்தில் தாண்டிப் போக மாட்டார்.

புதுப் பானையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். பெயிண்ட் அடித்த, பூ வரைந்த பானையை வாங்காதீர்கள், நுண்துளைகள் அடைபட்டிருக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆகவே குளிர்ச்சி குறைவாகத்தான் வரும். வேலூரிலோ மதுரையிலோ வறண்ட மதியத்தில் வேறு மாதிரி வரும். எண் சிறியதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், காற்றின் ஈரத்தையும் ஒரு காரணமாக எழுதிவிடுங்கள். வானிலைச் செயலியில் ஈரப்பத விழுக்காடு இருக்கும்.

இ. நிழல்

செலவு பூஜ்யம். ஒரு நேரான குச்சி, தரையில் ஒட்ட ஒரு சார்ட், செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய ஒரு கல்.

தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வரும், குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், கோவையில் ஏப்ரல் 18 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். இரண்டாவது முறை ஆகஸ்ட்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வரும், சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில். அதனால்தான் ஏப்ரலிலேயே தொடங்கச் சொன்னேன். அதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, மே முழுக்க வேறொரு வேடிக்கை: நண்பகல் நிழல் தெற்கே விழும். நிழல் வடக்கே விழும் என்றே மனதில் பதித்த பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜூன் 21 அன்று சென்னையில் ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்கே சுமார் 18 சென்டிமீட்டர் நிழல், கன்னியாகுமரியில் சுமார் 27.

கண்ணி ஒன்றுதான். நண்பகல் என்றால் கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் கடிகாரம் நம் ஊருக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. ஏப்ரல் கடைசியில் சென்னையில் சுமார் 12.07க்கும், கோவையில் 12.20ஐ ஒட்டியும்தான் சூரியன் உச்சிக்கு வரும். ஆகவே 11.45இலிருந்து 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைக் குறித்து, எது மிகச் சிறியது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வடக்கே ஒரு வீடு, தெற்கே ஒரு சொந்தக்காரர் வீடு என்று இருந்தால் இன்னும் பெரிய வேலை செய்யலாம். சென்னையில் உங்கள் மகள், நாகர்கோவிலில் சித்தப்பா மகன், இருவரும் ஒரே நாளில் அவரவர் நண்பகல் நிழலை அளந்தால் பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். நிழலிலிருந்து சூரியனின் கோணம் (நேர் உச்சியிலிருந்து அது எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பது), இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசம் ஏறக்குறைய 5 டிகிரி, வடக்கு-தெற்காக இரண்டு ஊர்களுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 545 கிலோமீட்டர். 360ஐக் கோண வித்தியாசத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்க வேண்டும். உண்மை விடை சுமார் 40,000 கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு 36,000 வந்தாலும் 44,000 வந்தாலும் கொண்டாடலாம். தூரத்தைச் சாலை வழியாக எடுத்தால் கணக்கு கெட்டுவிடும், வரைபடத்தில் நேர் வடக்கு-தெற்காக அளக்க வேண்டும். ஏப்ரலில் செய்வதாக இருந்தால், ஒரு ஊரில் நிழல் தெற்கேயும் இன்னொன்றில் வடக்கேயும் விழும் நாள்களில் கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.

குடையோ தொப்பியோ செருப்போ இல்லாமல் மொட்டைமாடிக்கு அனுப்பாதீர்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தினமும் சொல்லுங்கள்.

ஈ. சின்னவர்களுக்கு: உப்புத் தண்ணீரில் பயறு

மூன்றாம், நான்காம் வகுப்புக்கு ஏற்றது. ஒரு லிட்டர் தண்ணீரில் 0, 2, 5, 10 கிராம் உப்பு என்று நான்கு பாட்டில். தட்டுக்கு 20 பாசிப்பயறு, அந்தந்தத் தண்ணீரிலேயே ஊறவைத்து, நனைத்த துணியில் பரப்ப வேண்டும். 24, 48, 72 மணி நேரத்தில் எத்தனை முளைத்தன, வேர் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணினால் முடிந்தது. தட்டுகளைக் கட்டாயம் மூடி வையுங்கள். திறந்து வைத்தால் மே மாதத்தில் தண்ணீர் மட்டும் பறந்துபோய் உப்பு கெட்டியாகிவிடும். கடல்நீர் உள்ளே புகும் டெல்டா கரையோர வயல்களைப் பற்றி இரண்டு வரி எழுதினால் ஏன் இந்தச் சோதனை என்பதும் விளங்கிவிடும்.

உ. கலங்கல் தண்ணீரும் முருங்கை விதையும்

காய்ந்த முருங்கை விதையின் ஓட்டை நீக்கிப் பொடித்து, ஒரு லிட்டர் கலங்கல் தண்ணீருக்கு ஒன்றிரண்டு விதை என்ற அளவில் கலக்குங்கள். முதலில் ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு ஐந்து நிமிடம் மெதுவாகவும் கிளறி, ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். விதையில் உள்ள நேர்மின் புரதம் எதிர்மின் களிமண் துகள்களைப் பிடித்துக் கட்டியாக்கி அடியில் தள்ளும். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் தேத்தாங்கொட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். தெளிவை அளக்கக் கருவி வேண்டாம்: காகிதத்தில் ஒரு கறுப்புப் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் உயரக் கண்ணாடிக் குவளையை வைத்து, மேலிருந்து பார்த்தபடி தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். குறி மறையும் உயரம்தான் அளவு. எதுவும் போடாத குவளை ஒன்று அவசியம், ஏனென்றால் சும்மா வைத்தாலும் மண் படியும். தெளிந்ததே தவிர, அது குடிநீராகிவிடவில்லை. யாரும் குடிக்கக் கூடாது.

ஊ. எலுமிச்சை பேட்டரி

பலருக்கு ஏமாற்றம் தரும் புராஜெக்ட் என்பதால் ஒரு வார்த்தை. செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்திய ஒரு பழம் ஏறக்குறைய 0.9 வோல்ட்தான் தரும். சிவப்பு எல்.இ.டி. எரியவே இரண்டு வோல்ட் பக்கம் வேண்டும். மூன்று, நான்கு பழத்தைத் தொடராக இணைத்தாலும் மின்னோட்டம் மிகக் குறைவு, இருட்டறையில்தான் மங்கலாகத் தெரியும். கண்காட்சி நடக்கும் பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அங்கே ஒரு மல்டிமீட்டர் வைத்து எண்ணைக் காட்டுவதே மேல். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "எலுமிச்சையிலிருந்து" என்று சொல்லக் கூடாது. ஆணியின் துத்தநாகம் கரைவதால் வருகிறது.

தவிர்க்க வேண்டியவை: வீட்டு மின் இணைப்பில் எதுவும், கழிப்பறை அமிலம், லென்ஸ் வைத்து நெருப்பு, ரொட்டியில் பூஞ்சை வளர்த்துத் திறந்து காட்டுவது. பூஞ்சையை விடவே மாட்டேன் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் ஒட்டி மூடிய பாலித்தீன் பைக்குள் வைத்து, கடைசிவரை திறக்காமல் அப்படியே குப்பையில் போடுங்கள்.

5. நோட்டுதான் முக்கிய ஆவணம்

சார்ட்டைவிட இந்த நோட்டுக்குத்தான் மதிப்பு. முதல் நாளிலிருந்து தேதி, நேரம், வெயிலா மேகமா, யார் அளந்தது, என்ன எண் என்று பிள்ளையே பேனாவில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடிக்கட்டும், ஒயிட்னர் வேண்டாம். மாவுக் கறை, தண்ணீர்ச் சொட்டு எல்லாம் இருக்கட்டும். அழகாகத் திருப்பி எழுதித் தருகிறேன் என்று அம்மா அப்பா இறங்காதீர்கள், கையெழுத்து மாறியது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தினமும் ஒரு போட்டோ, பிள்ளையின் கையும் கருவியும் தெரியும்படி. அதில் நான்கைந்தை மட்டும் கடைசியில் அச்செடுத்தால் போதும்.

எதிர்பார்த்த முடிவு வரவில்லையா? அப்படியே எழுதுங்கள். "கையால் கலந்ததற்கும் கரண்டியால் கலந்ததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை" என்பது முழுமையான முடிவு. எண்ணைத் திருத்தினால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

6. கணக்கும் வரைபடமும்

மூன்று முறை செய்ததைக் கூட்டி மூன்றால் வகுத்துச் சராசரி. அதோடு மூன்று எண்களையும் பட்டியலில் காட்டுங்கள். சராசரி மட்டும் எழுதினால் ஒரே முறை செய்ததோ என்ற சந்தேகம் வரும். நேரத்தோடு மாறுவதற்குக் கோட்டு வரைபடம், வகைகளை ஒப்பிடப் பட்டை வரைபடம். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அளந்தது, இரண்டிலும் அலகு. அலகு எழுத மறப்பதுதான் நான் கண்காட்சிகளில் அதிகம் பார்க்கும் குறை.

7. மேசையில் என்ன வைப்பது

ஒரு சார்ட்டில் கேள்வி, பெரிய எழுத்தில். இன்னொன்றில் பட்டியல், வரைபடம், இரண்டு வரி முடிவு. நடுவில் உண்மையான பாத்திரங்கள். மாவு என்றால் அன்று விடிகாலை அரைத்ததை ஒரு பாட்டிலிலும் முந்தின நாள் மாவை இன்னொன்றிலும் கொண்டு போங்கள். பானையை முந்தின நாளே பள்ளியில் வைக்காதீர்கள், காலையில் துண்டு துண்டாக இருக்கும். தெர்மாகோல் எழுத்து வெட்டும் நேரத்தைப் பேசிப் பழகுவதில் செலவிடலாம்.

8. நடுவர் கேட்பவை

கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: இந்தக் கேள்வி ஏன் தோன்றியது? எதை மாற்றினாய், எதையெல்லாம் மாற்றாமல் வைத்தாய்? எத்தனை முறை செய்தாய்? அளவில் எங்கே தப்பு வந்திருக்கலாம்? இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் என்ன செய்வாய்? வீட்டில் யாராவது ஒருவர் நடுவராக உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள். பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். வரிசை மாற்றிக் கேட்டால் பிள்ளை திக்கிவிடும். "தெரியவில்லை, செய்து பார்க்கிறேன்" என்பது நல்ல பதில் என்று சொல்லிக்கொடுங்கள்.

9. பள்ளிக்கு வெளியே போக நினைத்தால்: போட்டிகள், ஆவணங்கள்

இரண்டு வழி இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு வகை.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது. தமிழ்நாட்டில் இதை ஒருங்கிணைப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம், மாவட்டங்களில் அதன் கிளைகள் உண்டு. ஒரு மையப் பொருளை அறிவிப்பார்கள். அதை ஒட்டி உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றைக் குழுவாக ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், பேசலாம். நம் நோட்டு அப்படியே உதவுவது இங்கேதான். வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் தேவை. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே போய்ப் பேசிவிடுங்கள், பிறகு அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

இன்ஸ்பயர் மானக் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். 6ஆம் வகுப்பு முதல் சேரலாம். இதில் சோதனை முடிவைக் கேட்பதில்லை, ஒரு பிரச்சினையைத் தீர்க்கும் புது யோசனையைக் கேட்கிறார்கள். ஆகவே "பானை எப்படிக் குளிர்கிறது" என்று எழுதி அனுப்பினால் தேறாது. அதே அறிவை வைத்து, காய்கறித் தள்ளுவண்டிக்கு ஈரச்சாக்குக் குளிர்பெட்டி என்று ஏதாவது யோசித்தால் அனுப்பலாம். நாமாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். ஒரு பள்ளிக்கு இத்தனை யோசனைகள் என்று வரம்பும் உண்டு. ஆகவே முந்திக்கொள்ளுங்கள்.

தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். இங்கேதான் பலர் கடைசி நேரத்தில் அலைகிறார்கள். பத்து வயது நிறைந்த பிள்ளையின் பெயரில் வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்குத் தொடங்கலாம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்சம் 500 ரூபாய் போட வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பெற்றோரின் ஆதார், பான், புகைப்படங்கள் ஆகியவற்றோடு ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். பள்ளிப் பதிவேடு, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று மே மாதமே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், அப்பா பெயர் முழுசாக இன்னொன்றில் என்று இருந்தால் ஆதார் மையத்தில் திருத்தவே சில வாரங்கள் ஆகலாம். ஜூனில் அங்கே கூட்டம் அலைமோதும்.